அம்மாவுக்கு வலது தோள்ல ரிவர்ஸ் ரீப்ளேஸ்மென்ட் பண்ணச் சொல்றாங்க, பண்ணலாமா? பண்ணிக்கிட்டவங்க இருந்தா சொல்லுங்க

கொங்குப்பொண்ணு

வணக்கம்ங்க. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

அம்மாவுக்கு 67 வயசு. திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங்ல இருந்தவங்க. 2021ல பாத்ரூம்ல வழுக்கி வலது கைய ஊனி விழுந்தாங்க. கொரோனா நேரம், எக்ஸ்ரேல எலும்பு உடையலைன்னதும் சுளுக்குதான்னு சொல்லி மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. வலி குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, ஆனா கை கொஞ்சம் கொஞ்சமா சோர்ந்துக்கிட்டே வந்து இப்ப தோள் உயரத்துக்குக்கூட தானா எந்திரிக்க மாட்டேங்குதுங்க. இடது கையால புடிச்சு தூக்கினா தலைக்கு மேல வரைக்கும் போகுது, விட்டா பொத்துனு விழுந்துடுது.

கொண்டை நான்தான் போட்டு விடறேன். ஜாக்கெட் மாட்டறதும் நான்தான். தோசை மட்டும் விடமாட்டாங்க, அடுப்பு மேடை உயரமா இருக்கறதால சின்ன முக்காலி போட்டு அது மேல ஏறி நின்னு கைய கீழ வச்சே மாவ ஊத்துறாங்க, பாத்தா எனக்கு பகீர்ங்குது. பகல்ல கேட்டா எனக்கு ஒண்ணுமில்ல போடின்னுவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு ஹால்ல உக்காந்து தோள புடிச்சுக்கிட்டு அழறாங்க.

எம்ஆர்ஐ எடுத்தோம். ரொட்டேட்டர் கஃப்ங்கற தோள் தசைநார் முழுசா கிழிஞ்சு உள்ள இழுத்துக்கிச்சு, தசை கொழுப்பா மாறிடுச்சு, மூட்டும் தேய ஆரம்பிச்சிருச்சுன்னு ரிப்போர்ட். கோயமுத்தூர்ல ஒரு டாக்டர் தைக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல, ரிவர்ஸ் ஷோல்டர் ரீப்ளேஸ்மென்ட்தான் வழின்னாரு, நாலரை லட்சம் ஆகும்னாங்க. இன்னொருத்தர் இந்த வயசுல எதுக்கும்மா, ஊசி போட்டு பிசியோ பண்ணுங்கன்னு போன மாசம்தான் ஸ்டீராய்டு ஊசி போட்டாரு. கொஞ்ச நாள் நல்லா இருந்தாங்க, திரும்ப அதே கதை. சுகர் வேற இருக்கு, மூணு மாச சராசரி சுகர காட்டற ஹெச்பிஏ1சி 8.6.

அப்பா வேண்டவே வேண்டாங்கறாரு, ஒசூர்ல இருக்கற தம்பி உடனே பண்ணுங்கறான், நான் நடுவுல. ரெண்டு டாக்டரும் பெரிய ஆளுங்க, ஒருத்தர் பண்ணுங்கறாரு ஒருத்தர் வேண்டாங்கறாரு, யார நம்பறது? ரிவர்ஸ்னா என்னத்த திருப்பி வைக்கறாங்க? பண்ணா கொண்டை போட முடியுமா? எத்தனை நாள் ஆள் கூடவே இருக்கணும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

சும்மா வந்தேன்

சகோ ஆபரேஷன்லாம் வேணாம். புத்தூர் கட்டு போட்டுப் பாருங்க, எங்க சித்தப்பா கை ஒடிஞ்சப்ப அங்கதான் போனோம், இப்ப மூட்டை தூக்குறாரு. நல்லெண்ணெய் காய்ச்சி தினம் நீவி விடுங்க.

பழைய லைன்மேன்

பாப்பா, நான் ரிவர்ஸ் பண்ணிக்கிட்டவன். திருச்சி. இடது தோள். எழுபது தாண்டியாச்சு. ஈபில லைன்மேன் வேலை, கம்பத்துல ஏறி கைய தலைக்கு மேல வச்சே காலம் போச்சு, அதுல கஃப் நைஞ்சு நைஞ்சு ஒரு நாள் முழுசா போயிடுச்சு.

நான் ஏன் ஒத்துக்கிட்டேன்னா தூக்கம் போனதாலதான். கை தூக்க முடியலைங்கறத எப்படியோ சமாளிச்சுக்கிட்டேன், ஒரு கையால சட்டை போடக்கூட பழகிட்டேன். ஆனா ராத்திரி தூக்கம் இல்லாம மாசக்கணக்குல இருந்தா மனுசனுக்கு கோவம்தான் மிச்சம், வீட்ல யார்கிட்டயும் நல்லா பேச முடியல. எங்க டாக்டர் ஒண்ணு சொன்னாரு, ஸ்கேன பாத்து நான் முடிவு பண்ண மாட்டேன், உங்களால என்னென்ன செய்ய முடியலைன்னு எழுதிட்டு வாங்க, அதுல இந்த ஆபரேஷன் எதை திருப்பி குடுக்கும் எதை குடுக்காதுன்னு டிக் போட்டு தரேன்னாரு. உங்கம்மாவையும் எழுத சொல்லுங்க. நீங்க எழுதாதீங்க, அவங்க சொல்லட்டும். உங்களுக்கு கொண்டை பெருசா தெரியும், அவங்களுக்கு வேற ஏதாவது இருக்கும்.

இப்ப ஆபரேஷன் கதை. கழுத்துல ஊசி போட்டு நரம்ப மரத்துப்போக வைப்பாங்க, அப்புறம் முழு மயக்கமும் குடுத்து சாஞ்ச நாற்காலி வாக்குல உக்கார வச்சு பண்ணுவாங்க. முழிச்சு பாக்கறேன், கை மரத்து கெடக்கு, அது எதிர்பாத்ததுதான். ஆனா மூச்சு முழுசா இழுக்க முடியல, குரல் கம்மிப்போச்சு, இடது கண்ணு இமை தொங்குது. எங்க வீட்டம்மா பக்கவாதம்னு நெனச்சு நர்ஸ கூப்பிட்டு ஒரே ரகளை. மயக்க டாக்டர் வந்து அந்த மருந்து பக்கத்துல இருக்கற மூச்சு நரம்புக்கும் பரவும்மா, மறுநாள் சரியாயிடும்னாரு, சரியாயிடுச்சு. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ரகளை இல்ல, அதனால உங்களுக்கு நான் சொல்லிட்டேன். அம்மாவுக்கு ஆஸ்துமா, நுரையீரல் தொந்தரவு ஏதாச்சும் இருந்தா மயக்க டாக்டர்கிட்ட அவசியம் சொல்லிடுங்க.

இன்னொண்ணு, மரப்பு விடறது பெரும்பாலும் நடுராத்திரிலதான் நடக்கும். வலி வந்தப்புறம் மாத்திரை கேட்டா அது புடிக்க நேரமாகும், விரல் லேசா குறுகுறுக்க ஆரம்பிக்கறப்பவே கேட்டு வாங்கிப் போட்டுடணும்.

வீட்டுக்கு வந்தப்புறம் கட்டில்ல மல்லாந்து படுக்க முடியல. ஈஸி சேர்ல சாஞ்சேதான் தூக்கம், முழங்கைக்கு அடில ஒரு தலகாணி. முழங்கை முதுகுப் பக்கம் சரியவே கூடாது, படுத்தா குனிஞ்சு பாக்கறப்ப முழங்கை கண்ணுக்கு தெரியணும்னு பிசியோ பொண்ணு சொல்லிக் குடுத்துச்சு. ஆறு வாரம் ஸ்லிங், அதான் கைய கழுத்துல இருந்து தொங்க விடற பட்டை. வெயில் காலத்துல பண்ணேன், திருச்சி வெயில் தெரியும்ல, அக்குள்ல வேர்த்து வேர்த்து தோல் வெந்து வலியவிட அந்த எரிச்சல்தான் பெருசா இருந்துச்சு. பழைய வேட்டித்துணிய கிழிச்சு மடிச்சு அக்குள்ல வச்சு நாளைக்கு நாலஞ்சு தடவ மாத்துவோம். குளிக்கறப்ப முன்னால நல்லா குனிஞ்சு நின்னா கை தானா தொங்கி அக்குள் தொறக்கும், அப்ப இன்னொருத்தர் தொடச்சு விடலாம், கைய தூக்க வேண்டியதில்ல. பண்றதுன்னா ஐப்பசி கார்த்திகைக்கு மேல பண்ணுங்க.

இப்ப எப்படின்னு கேட்டா வலி இல்ல. அலமாரி மேல் தட்டுல இருந்து டப்பா எடுக்கறேன். ஆனா முதுகுப் பக்கம் கை போகாது. எனக்கு இடது கைங்கறதால அதுக்கு என்ன அர்த்தம்னு புரியும்ல, கால் கழுவ வலது கைய பழக்கிக்க வேண்டியதாயிடுச்சு. இத எந்த டாக்டரும் தானா சொல்ல மாட்டாங்க.

பிசியோ நாஞ்சில்

நான் நாகர்கோவில்ல பிசியோவா இருக்கேன். லைன்மேன் ஐயா சொன்னது அத்தனையும் சரி. சும்மா வந்தேன் அண்ணே, எலும்பு முறிவு வேற இது வேற. கிழிஞ்சு சுருங்கின தசைநார எண்ணெய் ஒட்ட வைக்காது, எலும்பு தளர்ந்த வயசுல அழுத்தி நீவினா வேற எங்கயாவது விரிசல் விழக்கூட வாய்ப்பிருக்கு.

அக்கா, நீங்க எழுதினதுல ரெண்டு விஷயம் முக்கியம். இடது கையால தூக்கினா வலது கை மேல போகுதுன்னீங்க. அப்போ மூட்டு இறுகல, ஃப்ரோசன் ஷோல்டர் இல்ல, சுகர்காரங்களுக்கு அதுதான் அதிகமா வரும். இங்க பிரச்சினை தூக்கற பலம்.

ஏன்னு சொல்றேன். தோள்ல கை எலும்போட தலை ஒரு பந்து, தோள்பட்டை எலும்புல ஆழமே இல்லாத ஒரு குழி. பந்து குழிக்கு நேரா நிக்க நாலு தசை சுத்தி புடிச்சிருக்கு, அதுதான் ரொட்டேட்டர் கஃப். கைய தூக்கற பெரிய பலம் வெளிய இருக்கற டெல்டாய்டு தசைக்கு. கஃப் போயிட்டா டெல்டாய்டு இழுக்கறப்ப கை எந்திரிக்கறதுக்கு பதிலா பந்து மேல ஏறி தோளோட கூரை எலும்புல முட்டும். எக்ஸ்ரேல அந்த இடைவெளி 7 மில்லிமீட்டருக்கு கீழ போயிருந்தா கஃப் பெருசா போயிருக்குன்னு அர்த்தம், உங்க எக்ஸ்ரேல எவ்வளவுன்னு கேட்டுப் பாருங்க.

சாதாரண ரீப்ளேஸ்மென்ட்ல பந்து இருந்த இடத்துல உலோகப் பந்து, குழி இருந்த இடத்துல பிளாஸ்டிக் குழி. அது வேலை செய்ய கஃப் உசுரோட இருக்கணும், அம்மாவுக்கு அது இல்லாததால அந்த வழி அடைஞ்சு போச்சு. ரிவர்ஸ்ல ஆட்டுக்கல்லுல குழியையும் குழவியையும் இடம் மாத்தி வச்ச மாதிரி, தோள்பட்டை எலும்புல பந்தையும் கை எலும்புல குழியையும் பொருத்திடுவாங்க. அதனால மூட்டு சுத்தற மையம் உள்ளயும் கீழயும் இறங்கும், டெல்டாய்டுக்கு இழுவை கூடும், கஃப் இல்லாமலே அது ஒண்டியா கைய தூக்கிடும். 1985ல பிரான்ஸ்ல பால் கிராமோன்ட்னு ஒரு டாக்டர் உருவாக்கினது. பழைய விஷயம்தான், ஆனா அமெரிக்காவுல அனுமதி கிடைச்சதே 2003-04 வாக்குலதான், அதான் முட்டி மாத்தறது தெரிஞ்ச அளவுக்கு இது நம்ம ஊர்ல யாருக்கும் தெரியல. வயசானவங்களுக்கு பத்து வருஷம் கழிச்சும் நூத்துக்கு தொண்ணூறு பேருக்கு மேல அதே மூட்டோட இருக்காங்க, 67ங்கறது இதுக்கு சரியான வயசுதான். வயசை காட்டி வேண்டாம்னு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல.

ஆனா ரெண்டாவது விஷயம். ஊசி போன மாசம் போட்டதுன்னீங்க. ஸ்டீராய்டு ஊசி போட்டு மூணு மாசத்துக்குள்ள ரீப்ளேஸ்மென்ட் பண்ணா இன்ஃபெக்ஷன் வாய்ப்பு கூடும், அதனால பெரும்பாலான சர்ஜன் மூணு மாசம் தள்ளித்தான் தேதி குடுப்பாங்க. போதாததுக்கு 8.6ல யாரும் தோளை திறக்க விரும்ப மாட்டாங்க, எட்டுக்கு கீழ, முடிஞ்சா ஏழரைக்கு கொண்டு வான்னுதான் சொல்வாங்க. அப்போ எப்படி பாத்தாலும் ரெண்டரை மூணு மாசம் உங்க கையில இருக்கு. பண்ணலாமா வேண்டாமான்னு வீட்ல இன்னைக்கே சண்டை போட வேண்டிய அவசியமே இல்ல. அந்த மூணு மாசத்தையும் டெல்டாய்டுக்கு குடுங்க.

எப்படின்னா, மல்லாந்து படுக்க வச்சு, நல்ல கை உதவியோட வலது கைய கூரைய பாத்து நேரா நிமித்தணும். படுத்திருக்கறப்ப அந்த நிலைல கையோட பாரம் நேரா தோளுக்குள்ள இறங்கும், பந்தும் மேல ஏறாது, அதனால பலமில்லாத தோளும் புடிச்சு நிறுத்திடும். அங்க நிறுத்தி, மெதுவா கால் பக்கம் தலைப் பக்கம்னு கொஞ்சம் கொஞ்சமா ஆட்டணும். அஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு தடவைக்கு குறையாம. அது சுலபமானதும் கையில சின்ன தண்ணி பாட்டில். அதுவும் வசப்பட்டதும் முதுகுக்கு தலகாணி அடுக்கி சாஞ்ச நிலையில அதே பயிற்சி, கடைசில உக்காந்து. பன்னெண்டு வாரம் விடாம பண்ணவங்கள்ல ஒரு பகுதி பேருக்கு கை எந்திரிச்சு ஆபரேஷனே வேண்டாம்னு போயிருக்காங்க, நானே பாத்திருக்கேன். எந்திரிக்கலைன்னாலும் நஷ்டமில்ல, ரிவர்ஸ் மூட்டுக்கு இருக்கற ஒரே மோட்டார் டெல்டாய்டுதான், அது ஆபரேஷனுக்கு முன்னாடியே பலமா இருந்தா பின்னாடி சீக்கிரம் தேறுவாங்க. பக்கத்துல இருக்கற பிசியோகிட்ட ஒரு தடவ நேர்ல காட்டி கத்துக்கிட்டு ஆரம்பிங்க. வலி கூடிக்கிட்டே போனா நிறுத்திடணும்.

கொண்டை பத்தி கேட்டீங்க. கை தலைக்கு போறது வேற, தலைக்கு பின்னாடி போய் வேலை செய்யறது வேற. பின்னாடி கொண்டு போக கை வெளிப்பக்கம் திரும்பணும், அதுக்கு கஃப்ல பின்பக்க தசை மிச்சம் இருக்கணும், அத எம்ஆர்ஐல சர்ஜன் பாத்து சொல்லிடுவாரு. ஜாக்கெட்டோட பின் ஹூக், புடவைய முதுகுப் பக்கம் சொருகறது, இது ரெண்டும் பெரும்பாலும் திரும்பி வராது. ஷெல்ஃப், கொடில துணி போடறது, தலை சீவறது, இதெல்லாம் வரும்னு எதிர்பாக்கலாம்.

மதுரை மருமக

எங்க மாமியாருக்கும் இதே கேஸ்தான் ஆனா 79 வயசு, இதயம் பம்பிங் கம்மி, மயக்கம் குடுக்கவே யோசிச்சாங்க. நாங்க ஆபரேஷன் பண்ணல. தோளுக்கு வர்ற நரம்புக்கு ஊசி போட்டு வலிய அடக்கறாங்கள்ல, நெர்வ் பிளாக், அது பண்ணோம். கை எந்திரிக்கலங்க, ஆனா தூங்குறாங்க. வலி திரும்ப வந்தா திரும்ப போட்டுக்கறோம்.

கைய மாத்த முடியலைன்னா வீட்ட மாத்திட வேண்டியதுதான்னு எங்க வீட்டுக்காரர் சமையல்கட்டுல புழங்குற சாமானையெல்லாம் இடுப்பு உயரத்துக்கு கொண்டாந்துட்டாரு, கொடிக்கயிற இறக்கி கட்டிட்டாரு. ஜாக்கெட் எல்லாம் முன்பக்க ஹூக்கு, அதுவும் கைய லூசா தச்சது. முடிய தோள் வரைக்கும் வெட்டி ஒரு கிளிப்பு. முடி வெட்டறதுக்கு அத்தை ஒத்துக்கறதுக்குள்ள ஒரு யுத்தமே நடந்துச்சு, இப்ப அவுகளே கண்ணாடிய பாத்து நல்லாத்தான இருக்குன்னுக்கிறாக. ஒங்க அம்மாவுக்கு 67தான், இதய கோளாறு இல்லைன்னா நான் பயப்பட மாட்டேன். அந்த முக்காலிய மட்டும் இன்னைக்கே தூக்கி எறிங்க தாயி, இன்னொரு தடவ விழுந்தா தோளோட நிக்காது.

கணக்கு வாத்தியார்

பணம் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். என் மனைவிக்கு ரிவர்ஸ் பண்ணி ரெண்டு வருஷம் ஆகுது.

பாலிசி இருந்தா முதல்ல மூட்டு மாற்று சிகிச்சைக்கு வெயிட்டிங் பீரியட் எவ்வளவுன்னு பாருங்க, நிறைய பாலிசில ரெண்டு வருஷம் இருக்கும், சிலதுல கூடுதல். சுகர் ஏற்கனவே இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களான்னு பாருங்க. அடுத்தது ரூம் வாடகை. பாலிசில நாளைக்கு இவ்வளவுதான்னு வரம்பு இருந்து நீங்க அதவிட பெரிய ரூம் எடுத்தீங்கன்னா வாடகை வித்தியாசத்த மட்டும் புடிக்க மாட்டாங்க, டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாத்துலயும் அதே விகிதத்துல குறைப்பாங்க. ஆனா மருந்து, இம்ப்ளாண்ட் (உள்ள பொருத்தற செயற்கை மூட்டு), ஸ்கேன் செலவுல அப்படி குறைக்கக் கூடாதுன்னு இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கற ஐஆர்டிஏஐ விதி இருக்கு. எங்க கம்பெனி இம்ப்ளாண்ட்லயும் சேத்து புடிச்சாங்க, பேரு வேண்டாம். நான் பில்லையும் விதியையும் வச்சு எழுத்துல சண்டை போட்டு வாங்கினேன், பல பேரு விட்டுடறாங்க.

எஸ்டிமேட் வாங்கறப்ப இம்ப்ளாண்ட் விலைய தனியா எழுதி வாங்குங்க. முட்டி இம்ப்ளாண்டுக்கு 2017ல அரசாங்கம் விலை உச்சவரம்பு போட்ட மாதிரி தோளுக்கு போடல, செலவுல பெரிய பங்கு அதுதான், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். வருஷ வருமானம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள்ளன்னா முதல்வர் காப்பீட்டு அட்டை எடுத்துக்கிட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி எலும்பு பிரிவுலயும் ஒரு தடவ கேட்டுப் பாருங்க.

இன்னொரு விஷயம், பயமுறுத்தறேன்னு நெனைக்காதீங்க. மனைவிக்கு எல்லாம் நல்லா போயி கை நல்லா எந்திரிச்சு, நாலஞ்சு மாசம் கழிச்சு திடீர்னு தோள் உச்சில சுருக்குனு வலி, கை பழையபடி இறங்கிடுச்சு. விழவும் இல்ல இடிக்கவும் இல்ல. சிடி எடுத்துப் பாத்தா மேல இருக்கற கூரை எலும்புல விரிசல். டெல்டாய்டு அந்த எலும்புலதான் தொத்திக்கிட்டு இழுக்குது, எலும்பு சத்தில்லாம இருந்தா அந்த இழுவைல விரிசல் விழும்னாங்க. திரும்ப ஸ்லிங், திரும்ப ஓய்வு, சரியாக ரொம்ப நாள் ஆச்சு, இப்பவும் முன்ன எந்திரிச்ச அளவுக்கு எந்திரிக்கல. வலி மட்டும் பழைய வலி இல்ல. உங்கம்மா வயசுக்கு டெக்ஸா ஸ்கேன் ஒண்ணு எடுத்துடுங்க, எலும்பு அடர்த்தி கம்மின்னா அதுக்கு மருந்த முன்னாடியே ஆரம்பிச்சுடலாம். வைட்டமின் டியும் பாத்துடுங்க.

பிசியோ நாஞ்சில்

வாத்தியார் சொன்ன விரிசல் எல்லாருக்கும் வர்றதில்ல, ஆனா எலும்பு பலம் பாக்காம போகக் கூடாதுங்கறது உண்மை. டெக்ஸா கண்டிப்பா.

இன்ஃபெக்ஷன் பத்தியும் சொல்லிடறேன். தோள், அக்குள் பக்கத்து தோல்ல முகப்பரு உண்டாக்கற ஒரு பாக்டீரியா சகஜமா குடியிருக்கும். அது உள்ள போனா காய்ச்சல், சீழ்னு உடனே காட்டிக்காது, மாசக்கணக்கா சும்மா இருந்து வலியாவும் இறுக்கமாவும் தலைகாட்டும். அதனால சில சர்ஜன் ஆபரேஷனுக்கு முந்தின நாட்கள்ல பரு போக பூசற பென்சாயில் பெராக்சைட தோள்ல பூசிக் கழுவ சொல்வாங்க. உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. அக்குள் முடிய வீட்ல பிளேடு வச்சு மழிக்காதீங்க, கீறல் விழுந்தா தேதியே தள்ளிப் போகும்.

கொங்குப்பொண்ணு

எல்லாருக்கும் கோடி புண்ணியம்ங்க. அம்மாவ உக்கார வச்சு பிசியோ அண்ணா எழுதினத படிச்சு காட்டினேன். அப்பாவும் காதுல விழாத மாதிரி பேப்பர் படிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தாரு. மூணு மாசம் எப்படியும் பண்ண முடியாதுன்னதும் வீட்ல சத்தம் அடங்கிருச்சு, தம்பியும் சரி மூணு மாசம் கழிச்சு பேசலாம்னுட்டான்.

லைன்மேன் ஐயா சொன்னபடி என்னென்ன முடியலைன்னு எழுத சொன்னேன். வலது கையில எழுதவே சிரமம், அதனால அவங்க சொல்ல நான் எழுதினேன். நான் கொண்டை, ஜாக்கெட்னு நெனச்சுக்கிட்டிருந்தா அவங்க முதல்ல சொன்னது வலது பக்கமா ஒருக்களிச்சு படுக்கணும். ரெண்டாவது பஸ்ல மேல் கம்பிய புடிச்சு நிக்கணுமாம், கை தூக்க முடியாததால ரெண்டு வருஷமா டவுன் பஸ்ல ஏறறதே இல்லையாம், எங்களுக்கு தெரியவே தெரியாது. கொண்டை லிஸ்ட்லயே இல்லைங்க, அதான் நீ இருக்கியேன்னுட்டாங்க.

முக்காலி மேல பரண்ல போயிருச்சு. இண்டக்‌ஷன் அடுப்ப சாப்பாட்டு டேபிள்ல வச்சு கீழயே தோசை ஊத்தறாங்க.

ஒருவேளை பண்றதா இருந்தா ரெண்டு சந்தேகம். வலது கை கட்டிப் போட்டா அம்மா எதால சாப்பிடுவாங்க? இடது கையால சாப்பிட மாட்டேன்னு இப்பவே அடம். அப்புறம் எங்க வீட்ல இந்தியன் டாய்லெட், எந்திரிக்கறப்ப கைய ஊனித்தான் எந்திரிப்பாங்க.

பிசியோ நாஞ்சில்

சாப்பாடு பெரிய பிரச்சினை இல்ல அக்கா. ஸ்லிங் போட்டிருந்தாலும் முழங்கைய மடக்கி நீட்டறது, மணிக்கட்டு, விரல் பயிற்சி எல்லாம் முதல் நாள்ல இருந்தே பண்ண சொல்வோம். முழங்கை இடுப்போட ஒட்டியே இருக்க, தட்ட நெஞ்சு உயரத்துக்கு ஏத்தி வச்சா தோள அசைக்காமலே கை வாய்க்கு வரும். உங்க சர்ஜன் சரின்னா பண்ணலாம். சாம்பார் சாதம் வரைக்கும் ஓகே, ரசத்துக்கு ஸ்பூன்தான்.

ஊனி எந்திரிக்கறதுதான் பெரிய விஷயம். கை பின்னால போயி, உடம்போட ஒட்டி, அது மேல பாரம் விழற நிலைலதான் ரிவர்ஸ் மூட்டு கழண்டு வரும். நாற்காலி, கட்டில், தரை எதுல இருந்தும் அந்த கைய ஊனி எந்திரிக்கக் கூடாது, மூணு மாசத்துக்கு கண்டிப்பா. தரைல உக்காரவே வேண்டாம், கோயில்ல விழுந்து கும்பிடறதும் வேண்டாம். ஆறு வாரத்துக்கு மேல கைய தானா தூக்க பழக்குவோம், பலத்துக்கான பயிற்சி மூணு மாசத்துக்கு மேல. முழுசா தேற ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம். முதல் ஆறு வாரம் பகல்லயும் ராத்திரியும் ஒரு ஆள் வீட்ல வேணும், அது யாருன்னு முடிவு பண்ணிட்டு தேதி வாங்குங்க. பஸ் கம்பிய புடிச்சு நிக்கறத பத்தி சர்ஜன்கிட்ட தனியா கேளுங்க, கை எட்டறது ஒண்ணு, பிரேக் போட்டா உடம்பு மொத்தமும் அந்த கையில தொங்கறது இன்னொண்ணு. சீட் கிடைக்கற நேரமா பாத்து ஏறச் சொல்லுங்க.

பழைய லைன்மேன்

பாப்பா, டாய்லெட்டுக்கு இப்பவே வேலைய ஆரம்பிச்சுடுங்க, ஆபரேஷன் பண்ணாலும் பண்ணாட்டியும் 67 வயசுல அது தேவைதான். இந்தியன் டாய்லெட் மேலயே வச்சுக்கற ஸ்டீல் ஸ்டூல் சர்ஜிகல் கடைல கிடைக்கும், இடிக்க வேண்டாம். நாலு காலும் ஆடாம நிக்குதா, காலுக்கு அடில ரப்பர் இருக்கான்னு பாத்து வாங்குங்க. இடது பக்க சுவத்துல புடிச்சு எந்திரிக்க ஒரு கம்பி, அத டைல்ஸ்ல மட்டும் திருகாம உள்ள செங்கல் வரைக்கும் ஆங்கர் போல்ட் போட சொல்லுங்க, நம்ம ஆளுங்க பிளாஸ்டிக் பிளக்கோட விட்டுடுவானுங்க, ஒரு நாள் கையோட வந்துடும். ஹேண்ட் ஃபாசட்டும் இடது பக்கமே வரட்டும். கதவு தாழ்ப்பாள் மேல இருந்தா இறக்கி வையுங்க, எங்க வீட்ல அத மறந்துட்டு ஆறு வாரமும் நான் கதவ சாத்தாமத்தான் போனேன்.